ஏழாவது ரின்: அச்செடுக்கும் முன் பொம்மைக்கு அடிக்கும் அக்ரிலிக் கிளியர் ஸ்பிரே

ஏழு ரின் முடித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். முதல் ரின்னோடு எழுதியிருந்தால் "நல்ல பளபளப்பு, கெதியாகக் காய்கிறது" என்று இரண்டு வரியில் முடிந்திருக்கும். பொம்மை செய்து அச்செடுக்கிற எங்களுக்கு அந்த இரண்டு வரியால் ஒரு பிரயோசனமும் இல்லை. இந்தப் பூச்சு நல்லதா கெட்டதா என்பது அடித்த அன்று தெரியாது. மேலே றப்பர் மாதிரி இறுகும் சிலிக்கனை ஊற்றி, அது இறுகி, அச்சைப் பிரித்து, உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில், நான்காம் மாடி. வேலையால் வந்து இரவில் சின்னப் பொம்மைகள் செய்வேன். முதல் உருவத்தைக் கையால் செய்து, சிலிக்கனில் அச்செடுத்து, ஊற்றினால் பிளாஸ்ரிக் மாதிரி இறுகும் ரெசினில் இருபது முப்பது வார்த்து, வர்ணம் தீட்டிக் கொடுப்பேன். அதிகம் போனது இறால் வடைப் பொம்மை. காலி முகத்திடலில் தள்ளுவண்டியில் விற்கிற அதே இறால் வடைதான். ஏழு சென்ரிமீற்றர் அகலம், கீழே இரண்டு குட்டிக் கால்கள், மேலே மீசையை நீட்டிக்கொண்டு ஒரு முழு இறால்.

அந்த வடையின் மேற்பக்கத்தில் மட்டும் 140 பருப்பு இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனியாக உருட்டி, ஊசி முனையால் எடுத்து வைத்து, சிலவற்றில் பொரிந்து வெடித்த கீறலையும் போட்டேன். இறாலின் வயிற்றோடு ஆறு வளையம். ஒவ்வொரு வளையமும் அடுத்ததன் மேல் சற்றே ஏறிப் படிய வேண்டும், இல்லாவிட்டால் அது புழு மாதிரித் தெரியும். மீசைக்கு மெல்லிய செப்புக் கம்பி. மொத்தம் மூன்று வாரம். மூன்று வார வேலையின் மேல் ஸ்பிரேயின் தலையை அமத்தும்போது கை நடுங்கத்தான் செய்யும்.

பூசாமலே அச்செடுக்கலாமே என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். நான் உருவம் செய்வது எபொக்சி புட்டியில். குழாய் ஓட்டை அடைக்கிற அதே ரகம். இரண்டு நிறத்தில் வரும், சமமாக எடுத்துப் பிசைந்தால் சில மணித்தியாலத்தில் கல்லாகிவிடும். அதை இறுக வைக்கிற பகுதியில் இருப்பது அமீன் என்ற இரசாயனம். பிளாட்டினம் வகைச் சிலிக்கனுக்கு அமீன் ஆகாது. அந்தச் சிலிக்கனுக்குள் மிகமிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் பிளாட்டினம்தான் அதை இறுக வைக்கிறது. அமீன், கந்தகம், தகரச் சேர்வைகள், லேட்டெக்ஸ் கையுறை எது பட்டாலும் பட்ட இடத்தில் பிளாட்டினம் செயலிழந்துவிடும். மற்ற இடமெல்லாம் வடிவாக இறுகியிருக்க, அந்த இடம் மட்டும் பலாப்பழப் பால் மாதிரிப் பிசுபிசுத்துக்கொண்டு நிற்கும். அதைத் திருத்த வழியே இல்லை. ஆகவே உருவத்துக்கும் சிலிக்கனுக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளை அடைப்பதும் அதே சுவர்தான். துளைக்குள் சிலிக்கன் புகுந்து பிடித்தால் அச்சைக் கழற்றும்போது கிழியும்.

இந்த ஸ்பிரேக்கு வருவதற்கு முன் வேறொன்று பாவித்தேன். வாகனக் கீறலுக்கு அடிக்கிற மலிவான லக்கர். எங்கே வாங்கினேன், யாருடையது என்பது இங்கே தேவையில்லை. ஜூன் மாதம், மழை விட்ட ஒரு பின்னேரம், பல்கனியில் வைத்து அடித்தேன். ஐந்து நிமிடத்தில் வடை முழுக்கப் பால் தெளித்தது போல வெள்ளை பூத்துவிட்டது. கரைப்பான் கெதியாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து போகும். குளிர்ந்த இடத்தில் காற்றிலுள்ள ஈரம் படிந்து, இன்னும் காயாத படலத்துக்குள் அகப்பட்டுக்கொள்ளும். அந்த வெள்ளை அதுதான். எனக்கு அது அப்போது தெரியாது. காணாது போல என்று நினைத்து மேலே இன்னும் இரண்டு தரம் கனமாக அடித்தேன். அடுத்த நாளே சிலிக்கனையும் ஊற்றினேன். அச்சைப் பிரித்தபோது படலம் துண்டு துண்டாக உரிந்து அச்சோடு வந்தது. உரிந்த இடங்களுக்குக் கீழே புட்டி வெளியே தெரிந்தது, சிலிக்கன் இறுகவில்லை. பற்குச்சியால் இரண்டு இரவு சுரண்டி எடுத்தேன். முப்பது பருப்புக்கு மேல் போய்விட்டது. அம்மா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனா.

நல்ல ரின்னைத் தேடி பழைய சோனகத் தெருவுக்குப் போனேன். கொழும்பில் ஹாட்வெயார் சாமான் என்றால் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். ஆணி ஒன்றும் வாங்கலாம், வீடு கட்டுகிற சாமான் முழுவதும் வாங்கலாம். நான் போன கடை ஒடுக்கமானது. வாசலில் கயிற்றுச் சுருள்கள், உள்ளே போகப் போக பெயின்ற். கல்லாவில் இருந்த நானா நான் கையில் வைத்திருந்த புட்டியைப் பார்த்துவிட்டு, "பைப் லீக்கா தங்கச்சி?" என்றார். பொம்மையை எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மின்னாத மெட் ஒன்று, பளபளக்கும் குளோஸ் ஒன்று என்று இரண்டு ரின்னை எடுத்து மேசையில் வைத்தார். "மெட்டும் ஈக்குது, குளோஸும் ஈக்குது. காருக்கு அடிக்கிறத இதுக்கு எடுக்காதீங்க, அது வேற." அந்த ஒரு வார்த்தையை ஒரு வருடத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால்!

இன்னொன்றும் செய்தார், அதனால்தான் ஏழு ரின்னையும் அதே கடையில் வாங்கினேன். ரின்னை விற்பதற்கு முன் ஒரு பழைய காட்போட் மட்டையில் ஒரு தரம் அமத்திக் காட்டினார். முனை அடைத்திருக்கிறதா, கொப்பளித்துத் துப்புகிறதா என்று வாங்குகிறவர் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று. ஒருமுறை முனை சரியில்லாத ரின்னை அவரே ஒதுக்கி வைத்துவிட்டு வேறு எடுத்துத் தந்தார்.

வாங்கும்போது கொம்பனியின் பெயரைவிட 'அக்ரிலிக்' என்ற சொல்லைத் தேடுங்கள். வெளிநாடுகளில் அச்சு செய்கிறவர்கள் அதிகம் சொல்வது கிரைலொன் கிறிஸ்டல் கிளியர். அதுவும் அக்ரிலிக்தான். கனடாவிலிருந்து வருகிற சித்தியிடம் சொல்லி எடுப்போம் என்று யோசிக்காதீர்கள். தீப்பற்றும் ஸ்பிரே பெயின்றை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பெட்டியிலும் கொண்டுவர முடியாது. இங்கே கிடைக்கிற 400 மில்லிலீற்றர் ரின்னோடு பழகிக்கொள்வதுதான் வழி. பழகினால் அது நல்லபடி வேலை செய்கிறது.

இனி ஸ்பிரே. தூவல் நுண்மையாக வருகிறது, இதுதான் அதன் முதல் பலம். இருபத்தைந்து சென்ரிமீற்றர் தள்ளி நின்று, பொம்மைக்கு வெளியே அமத்தத் தொடங்கி, பொம்மையைக் கடந்து போய் வெளியே விட வேண்டும். முதல் பூச்சு பூசியதாகவே தெரியக்கூடாது, பனி விழுந்த மாதிரி அங்கங்கே புள்ளி புள்ளியாக இருந்தால் போதும். பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது. நான் நான்கு பூச்சு அடிக்கிறேன். இரண்டு கனமான பூச்சைவிட நான்கு மெல்லிய பூச்சு எல்லா வகையிலும் மேல். ஒரே தரத்தில் நனையும்படி அடித்தால் பருப்புக்கும் பருப்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் திரவம் தேங்கிவிடும். காய்ந்த பிறகு பார்த்தால் 140 பருப்பும் ஒரு போர்வைக்குள் படுத்த மாதிரி இருக்கும். சிலிக்கன் அந்தப் போர்வையைத்தான் அச்செடுக்கும். மீசை வடையைத் தொடுகிற இடத்தில் இன்னும் மோசம். கம்பிக்கும் வடைக்கும் நடுவில் சவ்வு மாதிரி ஒரு படலம் கட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மெல்லிய தூரிகை நுனியால் தொட்டால் அது உறிஞ்சி எடுத்துவிடும். காய்ந்த பிறகு கத்திதான்.

மிகத் தள்ளி நின்று அடித்தாலும் பிழை. துளி வழியிலேயே காய்ந்து தூளாக வந்து விழும், மேற்பரப்பு சொரசொரக்கும். ஒரேயடியாகக் கிட்டப் போனால் தோடம்பழத் தோல் மாதிரிச் சுருக்கம் விழும். நான் மொட்டைமாடிக்கு ஒரு அடிமட்டம் கொண்டு போகிறேன். மூக்குக்குத் துணி முகமூடி காணாது. கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கரிவடிகட்டி உள்ள முகமூடியே வேண்டும்.

ஈரம்தான் கொழும்பில் பெரிய எதிரி. இந்த ரின்னும் ஈரத்தில் பூக்கும், அதை மறைக்க மாட்டேன். பழைய லக்கரைவிடக் குறைவாகப் பூக்கும், அவ்வளவுதான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி மொட்டைமாடிக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தேன். காலை ஆறு மணிக்கு எங்கள் மாடியில் 85 வீதத்துக்கு மேல் நிற்கும். வெயில் ஏற ஏற இறங்கி, மழையில்லாத நாளில் பதினொரு மணி தொடக்கம் ஒரு மணிவரை 65க்குக் கிட்ட வரும். பிறகு கடல்காற்றோடு மெல்ல ஏறும். 70க்குக் கீழே அடித்த ஒன்றுகூடப் பூக்கவில்லை. 78இல் அவசரப்பட்டு அடித்த ஒன்று பூத்தது. அதை மீட்டுவிட்டேன். அடுத்த நாள் நல்ல வெயிலில் அதன் மேல் மிக மெல்லியதாக ஒரே ஒரு தரம் அடிக்க, புதுப் பூச்சின் கரைப்பான் பழைய படலத்தை இளக்கி ஈரத்தை வெளியே விட்டது, வெள்ளை போய்விட்டது. மெல்லியதாக அடித்திருந்தால்தான் இந்த வைத்தியம் பலிக்கும்.

அடித்த கையோடு பொம்மையை வீட்டுக்குள் கொண்டுவந்து ஒரு பிளாஸ்ரிக் வாளியைக் கவிழ்த்து மூடி வைப்பேன். காலி வீதித் தூசி ஒரு பக்கம், மழைக்கு முந்திய பின்னேரங்களில் ஈசல் இன்னொரு பக்கம். ஒரு ஈசல் இறகு வடையில் ஒட்டி, அதன் நரம்புகூட அச்சில் விழுந்தது. சிலிக்கன் அவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்கும். விரல் ரேகையும் அப்படித்தான்.

ரின்னில் காய்கிற நேரம் நிமிடக் கணக்கில் போட்டிருக்கும். அது தொட்டுப் பார்க்கிறதற்கான கணக்கு. சிலிக்கன் ஊற்றுவதற்கு நான் இரண்டு நாள் விடுகிறேன், மழைக்காலத்தில் மூன்று. மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் கரைப்பான் மணமே வரக்கூடாது. பிறகும் முழுப் பொம்மைக்கும் ஊற்றுவதில்லை. பாதத்தின் அடியில் ஒரு சொட்டுச் சிலிக்கன் வைத்து, இறுகி உரிந்து வருகிறதா என்று பார்ப்பேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், ஆனால் இங்கே ஒரு சோறு காணாது. பாதத்தில் பூச்சு நன்றாக விழும், இறாலின் தாடைக்குக் கீழே விழாது. அதனால் பூச்சு எட்டாத இடம் எதுவோ அந்த இடத்திலும் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும்.

மெட்டா குளோஸா என்று கன பேர் கேட்கிறார்கள். முதல் உருவம் எப்படியோ அச்சு அப்படி, அச்சு எப்படியோ வார்ப்பு அப்படி. உருவம் மின்னினால் அச்சின் உட்பக்கம் மின்னும், ரெசினும் மின்னிக்கொண்டு வரும். வர்ணம் தீட்டுகிற பொம்மைக்கு மெட் நல்லது, பெயின்ற் வடிவாகப் பிடிக்கும். கண்ணாடி மாதிரித் தெளிந்த ரெசினில் வார்ப்பதென்றால் குளோஸ் கட்டாயம். மெட்டில் எடுத்த அச்சில் தெளிந்த ரெசின் வார்த்தால் தேய்த்த கண்ணாடி போல மங்கலாகத்தான் வரும். நான் எதற்கு வார்த்தாலும் முதல் இரண்டு பூச்சு குளோஸ்தான் அடிக்கிறேன். ஏனென்றால் குளோஸ் பொய் சொல்லாது. மேசை விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அதுவரை கண்ணில் படாத ஒவ்வொரு கீறலும், தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற 600 இலக்க வோட்டர் பேப்பர் விட்டுப்போன ஒவ்வொரு கோடும் வெளிச்சத்தில் எழும்பி நிற்கும். இறாலின் மூன்றாம் வளையத்தில் ஒரு தட்டை இருந்தது எனக்கு இந்த ஸ்பிரே அடித்த பிறகுதான் தெரிந்தது. 1000இலும் 1500இலும் தண்ணீர் தொட்டுத் தேய்த்துச் சரிசெய்து, பிறகு மேலே மெட்.

ஒரு தரம் பூச்சு சரியாக இருந்தும் அச்சு கெட்டது. இரண்டு பகுதி அச்சுக்கு உருவத்தைப் பாதிவரை களிமண்ணில் பதிக்க வேண்டும். நான் பதித்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கிற பிளாஸ்ரிசினில். பொம்மைக்கு நான்கு பூச்சு, பரிசோதனைச் சொட்டு எல்லாம் செய்தேன், பிளாஸ்ரிசினை மறந்துவிட்டேன். சிலவகைப் பிளாஸ்ரிசினில் கந்தகம் இருக்கும். அச்சின் பாதி வடிவாக வந்தது, களி தொட்ட விளிம்பு முழுக்க ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பகுதியும் சேர்கிற இடமே அதுதான், அந்த அச்சு ஒன்றுக்கும் உதவாமல் போனது. இப்போது கந்தகம் இல்லாத களியாகப் பார்த்து எடுக்கிறேன், அதற்கும் மேலே இந்தக் கிளியரை அடிக்கிறேன். முதல் பாதி இறுகிய பிறகு வஸ்லின் மெல்லியதாகப் பூசித்தான் இரண்டாம் பாதி ஊற்றுவேன். சிலிக்கன் எதில் ஒட்டாவிட்டாலும் சிலிக்கனில் ஒட்டும்.

தகரம் வகைச் சிலிக்கன் பாவிப்பவர்களுக்கு இந்தப் பயம் குறைவு. அது அமீனுக்கும் கந்தகத்துக்கும் அவ்வளவு அசையாது. காற்றின் ஈரம் அது இறுகுவதற்குத் தேவையும்கூட, ஆகவே கொழும்பு அதற்குப் பொருத்தமான ஊர். ஆனால் நாள் போகப் போகச் சுருங்கும், அச்சும் கெதியாகக் கிழியும். ஐந்து வருடம் வைத்திருக்க நினைக்கிற உருவத்துக்கு நான் பிளாட்டினம்தான் எடுப்பேன். சிலிக்கன் ரின்னில் போட்டிருக்கும் வேலை நேரம், அதாவது கலந்த பிறகு இறுகத் தொடங்கும்வரை கிடைக்கிற நேரம், பெரும்பாலும் 23 பாகைக்கான கணக்கு. எங்கள் மேசையில் 30 பாகை, கலந்த பிறகு கதைத்துக்கொண்டு நிற்க முடியாது.

பொலிமர் கிளேயில் செய்கிறவர்கள் இந்த ஸ்பிரேயை எடுக்க வேண்டாம். 130 பாகையில் சுட்டு எடுத்த கிளேயில் அதை நெகிழ வைக்கும் எண்ணெய்ப் பொருள் மிச்சம் இருக்கும். அது மெல்ல மேலே ஏறி அக்ரிலிக் படலத்தை இளக்கிவிடும். அடித்த அன்று நன்றாக இருக்கும், மாதம் போக விரல் ஒட்டும். அதற்குத் தண்ணீரில் கரையும் வார்னிஷைத் தூரிகையால் பூசுவது நல்லது. என் சிநேகிதி ஒருத்தியின் பூனைப் பொம்மை இப்படித்தான் போனது. நான்தான் இந்த ரின்னைக் கொடுத்தேன், அந்தக் கவலை எனக்கு இன்னும் இருக்கிறது.

பிளாஸ்டர் ஒஃப் பாரிஸிலோ மரத்திலோ செய்த உருவத்துக்கு நான் அரக்கைத்தான் நாடுவேன், செலக் என்று கேட்டால் தருவார்கள். தச்சுவேலைக்காரர் ஸ்பிரிட்டில் கரைத்துப் பொலிஷ் பண்ணுகிற அதே சாமான். லீற்றருக்கு 120 கிராம் செதில் போட்டு நீர்ப்பாகக் கரைத்துப் பூசினால் துளைக்குள் இறங்கிப் பிடிக்கும். ஸ்பிரேயை அந்த உருவங்கள் குடித்துக்கொண்டே இருக்கும், ரின் காலியாகிவிடும். கரைத்த செலக்கை ஆறு மாதத்துக்கு மேல் வைத்துப் பாவிக்காதீர்கள், பழசு காயாது.

ஸ்பிரேயின் குறைகள்: கடைசி ஐந்தில் ஒரு பங்கில் அமுக்கம் குறைந்து முனை துப்பத் தொடங்கும். ஏழில் ஐந்து ரின்னில் இதைக் கண்டேன். அந்த மிச்சத்தை நான் பொம்மைக்கு அடிப்பதில்லை, அச்சுப்பெட்டியின் பலகைக்கு அடிக்கிறேன். ஆகவே ஒரு ரின்னில் 400 மில்லிலீற்றர் என்று கணக்கிடாமல் 320 என்று கணக்கிடுங்கள். எனக்கு அது வடை அளவில் பத்துப் பன்னிரண்டு உருவத்துக்குக் காணும். ஒவ்வொரு முறையும் அடித்து முடிந்ததும் ரின்னைத் தலைகீழாகப் பிடித்து வெறும் வாயு வரும்வரை அமத்திவிட்டு வைத்தால் முனை அடைக்காது. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் இங்கே போடவில்லை. மெட்டும் குளோஸும் சேர்த்து வாங்கினால் நானா கொஞ்சம் குறைப்பார்.

வடை அச்சு இப்போது நாற்பத்தெட்டாவது வார்ப்பில் இருக்கிறது. பருப்பு வெடிப்புகள் இன்னும் கூராக விழுகின்றன. மேசையில் இருப்பது ஆடிவேல் திருவிழாவுக்காகச் செய்கிற காவடிப் பையன், தோளில் மயிற்பீலி முழுக்கக் கீறல்தான். நேற்றுப் பன்னிரண்டு மணிக்கு மானியைப் பார்த்தேன், 74. ரின்னைத் திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டேன்.